நடுவாண்டில் வந்து சேரும் பிள்ளை

தென்மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் ஓடிவருகிற பேருந்துகள், கிளாம்பாக்கத்தில் 2023ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் புதிய நிலையம் திறக்கப்படும் வரையில், விடியற்காலையில் பெருந்திரளான பிரயாணிகளை இறக்கிவிட்டுச் சென்ற இடம் பெருங்களத்தூர். அவ்வாறு இறங்கியவர்களில் பெரும்பாலோர் மின்சார ரயிலேறிச் சென்னை நகரத்துக்குள் சென்றுவிட்டார்கள். ஆனால் ஆண்டுதோறும் ஒரு பகுதியினர் பெட்டி படுக்கைகளுடன் இவ்வட்டாரத்திலேயே ஒரு வாடகை வீட்டைத் தேடிக்கொண்டு, கட்டட வேலைக்கும், கிடங்கு வேலைக்கும், மெப்ஸ் என்னும் ஏற்றுமதி வளாகத்துத் தொழிற்சாலைகளுக்கும், மென்பொருள் நிறுவனங்களின் காவல் பணிக்கும் துப்புரவுப் பணிக்குமாக இங்கேயே தங்கிவிட்டார்கள். பேரூராட்சியாயிருந்த ஊர் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்து நகரமாகிவிட்ட பிறகும், பிழைப்பைத் தேடி இவ்விடம் வந்து சேருகிற குடும்பங்களின் வரவு நின்றுவிடவில்லை. தூத்துக்குடியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் மட்டுமன்றி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இப்போது அவர்கள் வருகிறார்கள். வீட்டு உரிமையாளர் எழுதிக்கொடுப்பதோ பதினொரு மாத ஒப்பந்தம். வாடகை ஏறினால் அடுத்த பகுதிக்கு, வேலை மாறினால் அடுத்த ஊருக்கு என்று குடும்பம் நகரும்போதெல்லாம் பிள்ளையின் பள்ளிக்கூடமும் நகர்கிறது.

ஆகவே இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் ஜூன் மாதத்தில் சேருகிற பிள்ளைகளைப் போலவே, காலாண்டுத் தேர்வுக்கு முன்னும் அரையாண்டுத் தேர்வுக்குப் பின்னும் வந்து சேருகிற பிள்ளைகளும் உண்டு. மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்ற காரணத்தால் ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொள்ளத் தாமதிக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அந்த அளவில் சட்டம் பிள்ளையை வகுப்பறையின் வாசலுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. வாசலுக்குள் வந்த பிறகு அப்பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதுதான் நாம் சிரத்தையோடு சிந்திக்கவேண்டிய விஷயம்.

எட்டாம் வகுப்பில் அக்டோபர் மாதம் வந்து சேர்ந்த ஒரு மாணவனை உதாரணத்துக்காக மனத்தில் வைத்துக்கொள்வோம். அவன் முதல் பாடவேளையில் தூங்கி விழுகிறான் என்பது கணக்கு உபாத்தியாயருக்குத் தெரியும். அவர் அதைச் சோம்பல் என்று எண்ணிக் கண்டிக்கிறார். கபடி ஆடும்போது அவனைப் போல் மூச்சுப் பிடிப்பவர்கள் அந்த வகுப்பிலேயே இல்லை என்பது உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியும். ஆகவே அவனுக்கு உடல்நலக் குறைவு ஒன்றுமில்லை என்பதையும் அவர் அறிவார், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை. அவன் மதிய உணவை இருமுறை வாங்கி, இரண்டாவது முறை வாங்கியதைப் பாத்திரத்தில் மூடி வைத்துக்கொள்கிறான் என்பதைச் சத்துணவு அமைப்பாளர் கவனித்திருக்கிறார். வீட்டில் இன்னொரு வாய் காத்திருக்கிறது என்பதை அவர் ஊகித்துவிட்டார், ஆனால் அதைப் போய்ச் சொல்லத் தமக்கு என்ன அதிகாரம் என்று இருந்துவிடுகிறார். திங்கட்கிழமைதோறும் அவன் வருவதில்லை என்பது வகுப்பாசிரியர் கைப்பேசிச் செயலியில் தாமே பதிவேற்றிய வருகைக் கணக்கில் இருக்கிறது. பதிவேற்றுவதற்குள் மணி அடித்துவிடுகிறபடியால் படித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. சிறு குழந்தை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான் அவன் தினமும் தாமதமாக ஓடிவருகிறான் என்பது வாசலில் நிற்கும் காவலருக்குத் தெரியும். ஐவரும் தனித்தனியே அறிந்த ஐந்து செய்திகளையும் ஓரிடத்தில் வைத்தால், இரவு வேலைக்குப் போகும் ஒரு தாயும், அவள் வீடு திரும்பும்வரை தம்பியையோ தங்கையையோ பார்த்துக்கொள்ளும் ஒரு பையனும் நம் கண்முன் வந்து நிற்பார்கள். செய்யவேண்டிய பரிகாரமும் பெரும்பாலும் அப்போதே விளங்கிவிடும். ஆனால் அந்த ஐவரும் ஒரு மேஜையைச் சுற்றி அமர்வதற்கு நம் பள்ளிகளின் நடைமுறையில் ஒரு வேளையும் இல்லை, அமர்ந்தால் எப்படிப் பேசுவது என்ற பழக்கமும் இல்லை. மார்ச் மாதம் அவன் பெயர் இடைநின்றோர் பட்டியலில் ஏறும்போது ஆசிரியர் அறையில் சொல்லப்படுவது ஒரே ஒரு வாக்கியந்தான்: "அவன் அப்படித்தான் சார்."

இதற்காக ஆசிரியர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அசிரத்தையால் நேர்கிற தீங்கைவிட, ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிய வழியில்லாத ஏற்பாட்டால் நேர்கிற தீங்கே நம் பள்ளிகளில் அதிகம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மாணவனுடைய துன்பத்தைத் தீர்க்கும் திறமையைத் தனி மனிதருக்குரிய குணவிசேஷமாகக் கருதி, நல்ல ஆசிரியர் வாய்த்தால் பிள்ளை பிழைத்தது என்று ஆறுதல் கொள்வதை விட்டு, ஒரு பள்ளியில் பணிபுரிகிற அத்தனை பேரும் ஒரு குழுவாகக் கற்றுத் தேறவேண்டிய வேலையாக அதை நாம் கருதவேண்டும். அவ்வாறு கருதினால், பயிற்சி அளிக்கும் முறையையும் அடியோடு மாற்றவேண்டியவர்களாகிறோம்.

இப்போது நடக்கும் முறை எப்படிப்பட்டது? மாநிலத்தில் சில கருத்தாளர்கள் பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் மாவட்டத்துக்கும், மாவட்டத்தார் வட்டார வள மையத்துக்கும், அங்கிருந்து குறுவள மையத்துக்குமாக விஷயம் படிப்படியாக இறங்கி வருகிறது. ஒரு பள்ளிக்கு ஒருவர் என்று அழைக்கப்பட்ட ஆசிரியர் ஒரு நாள் கூடத்தில் அமர்ந்து, திரையில் காட்டப்பட்டதைக் கண்டு, வருகைப் பதிவில் கையெழுத்திட்டுத் திரும்புகிறார். பாடம் நடத்தும் உத்தி ஒன்றைக் கற்பிக்க இம்முறை ஓரளவு பயன்படலாம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் கீழ் வகுப்புகளில் இவ்வழியேதான் சென்று சேர்ந்தது. ஆனால் பலர் கூடிச் செய்யவேண்டிய காரியத்தை ஒருவருக்குக் கற்பித்து அனுப்பிவிட்டு, அவர் திரும்பிச் சென்று மற்றவர்களை மாற்றிவிடுவார் என்று எதிர்பார்ப்பது யதார்த்தத்துக்குப் பொருந்தாது. இளைய ஆசிரியை ஒருவர் பயிற்சியிலிருந்து திரும்பித் தலைமையாசிரியரிடம் "நாம் எல்லாரும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசவேண்டுமாம்" என்று சொன்னால் என்ன விடை கிடைக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த எவரும் அறிவர்.

மாணவரின் துன்பத்துக்குப் பள்ளியிலேயே துணை வேண்டும் என்ற யோசனை நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952–53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, மாணவர்களுக்கு வழிகாட்டும் அலுவலர்கள் பள்ளிகளுக்கு அவசியம் என்று அந்நாளிலேயே எடுத்துரைத்தது. 1964–66இல் பணியாற்றிய கோத்தாரிக் குழு, பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒருவர் வீதமாவது வந்துபோகும் ஆலோசகர் வேண்டும் என்று கேட்டது. தமிழ்நாட்டில் வாகனத்திலேறிப் பள்ளி பள்ளியாகச் செல்லும் உளவியல் ஆலோசகர்கள், 14417 என்ற உதவி எண், குறைகளை எழுதிப் போடுவதற்கு 'மாணவர் மனசு' என்னும் பெட்டி, 2021இல் அரசு பணித்த மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்று பல ஏற்பாடுகள் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் வெளியிலிருந்து வரும் ஆலோசகர் எவ்வளவு கற்றவராயினும், தாம் புறப்பட்ட பிறகு அந்தப் பிள்ளையைத் தினமும் பார்க்கப்போகிறவர்கள் ஒரு குழுவாக இயங்காவிட்டால், அவருடைய ஆலோசனை ஒரு கோப்பில் அடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் நியூ ஹேவன் என்னும் நகரத்தில், யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கோமர் என்னும் மனநல மருத்துவர், 1968இல் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்த முயற்சியை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவருக்கும் வீட்டு வேலை செய்த ஒரு தாய்க்கும் மகனாய்ப் பிறந்த அந்தக் கறுப்பின மருத்துவர், ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் நிறைந்த அப்பள்ளிகள் தேர்ச்சியிலும் வருகையிலும் நகரத்தின் கடைசி வரிசையில் இருந்த நிலையில் அவற்றுக்குள் நுழைந்தார். அங்கே ஒரு நாள், தென்பகுதிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய அத்தை வேலைக்குப் போகும் வழியில் பள்ளியில் விட்டுச் சென்றாள். முந்தைய நாள்தான் வேறு சில புதிய பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டிருந்த ஆசிரியை, இன்னும் ஒருவனா என்ற சலிப்பை வாயால் சொல்லாவிட்டாலும் முகத்தில் காட்டிவிட்டார். மிரண்டுபோன பையன் அவரை உதைத்துவிட்டு வெளியே ஓடினான். வழக்கமான பள்ளியாயிருந்தால் அடுத்து நடப்பது சிட்சை. கோமருடைய குழுவினரோ, அறியாத இடத்தில், அறியாத மனிதர்களிடையே, உற்றார் எவருமின்றி விடப்பட்டால் உங்களுக்கு எப்படியிருக்கும் என்று ஆசிரியர்களைக் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து, புதிதாக வந்து சேரும் எந்தப் பிள்ளையையும் முறையாக வரவேற்றுப் பள்ளியோடு பழக்குவதற்கு ஓர் ஏற்பாடு பிறந்தது. ஒருவன் விஷயத்தில் தொடங்கிய ஆலோசனை அந்தப் பள்ளியின் நடைமுறையையே திருத்திவிட்டது. பெருங்களத்தூரின் நடுவாண்டுப் பிள்ளைகளை நினைக்கும்போது இந்த நிகழ்ச்சி எனக்கு நம் ஊரில் நடந்தது போலவே தோன்றுகிறது.

கோமர் அப்பள்ளிகளில் அமைத்த குழுக்களுக்கு விதித்த முதல் நியதி, யார்மீதும் குற்றம் சுமத்தலாகாது என்பது. முடிவுகளை வாக்கெடுப்பால் அன்றி ஒருமித்த கருத்தால் எடுக்கவேண்டும், தலைமையாசிரியரின் அதிகாரத்தைக் குழு முடக்கவும் கூடாது, அவர் குழுவைத் தம் கைப்பாவையாக்கவும் கூடாது என்பவை மற்றவை. சில ஆண்டுகளில் அவ்விரு பள்ளிகளும் கடைசி வரிசையிலிருந்து நன்றாக மேலெழுந்தன. அம்முறை பின்னர் அந்நாட்டின் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

நம் மாநிலத்தில் இவ்வாறு குழுவாக இயங்குவதன் அவசியத்தை எவரும் மறுக்கவொண்ணாதபடி காட்டிய கொடுமை, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நிகழ்ந்தது. சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தலால் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு பட்டியலின மாணவன், ஏன் வரவில்லை என்று பள்ளி அக்கறையோடு கேட்டபோது காரணத்தைச் சொன்னான். சொன்ன பிறகு இரவில் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டாள். அப்பள்ளி கேளாமல் இருந்துவிடவில்லை, கேட்டது. ஆனால் ஒரு பிள்ளை வாய்திறந்து சொன்ன நேரத்துக்கும் அவன் வீட்டுக்குத் திரும்பும் நேரத்துக்கும் இடையிலே யார் யாரிடம் பேசுவது, எதை எவரிடமிருந்து மறைப்பது, யாரைத் துணையாக அனுப்புவது, காவல்துறைக்கு எப்போது சொல்வது என்பவற்றை எந்தப் பள்ளியும் பயின்று வைத்திருக்கவில்லை. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், ஐந்நூறு மாணவர்களுக்கு மேற்பட்ட பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். அதே சமயம், நல அலுவலர் என்று ஒருவர் வந்த மாத்திரத்தில் "இனி அது அவர் பொறுப்பு" என்று மற்றவர்கள் விலகிக்கொள்ளும் அபாயத்தையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. அவர் ஒரு குழுவைக் கூட்டுகிறவராகவே வரவேண்டும்.

பயிற்சி எவ்வாறு அமையவேண்டும்? பள்ளிக்கு ஒருவராக அன்றி, ஒரே பள்ளியிலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து பயிலவேண்டும். அவர்களில் தலைமையாசிரியர் கட்டாயம் இருக்கவேண்டும், சத்துணவு அமைப்பாளரும் சிறப்புப் பயிற்றுநரும் இருக்கவேண்டும், வாசற்காவலரோ துப்புரவுப் பணியாளரோ ஒருவரும் இருக்கவேண்டும். பிள்ளைகள் தங்கள் துயரத்தை மாடிப்படியின் கீழும் சமையற்கூடத்தின் வாசலிலுந்தான் அதிகம் சொல்கிறார்கள். ஆசிரியரிடம் அழாத குழந்தை ஆயாவிடம் அழும். ஆகவே அத்தகையோரை நாற்காலியில் அமர்த்தி அவர் சொல்வதை முதலில் கேட்பது மரியாதைக்காகச் செய்யும் சம்பிரதாயம் அன்று, வேலைக்கு இன்றியமையாதது. பயிற்சியளிப்பவர் கூடத்தில் நின்று பிரசங்கம் செய்வதோடு அமையாமல், அந்தப் பள்ளிக்கே வந்து, அங்குள்ள ஒரு மெய்யான பிள்ளையின் விஷயத்தைக் குழு ஆராயும்போது அருகே அமர்ந்து, பேச்சு தடம் மாறும் இடங்களில் திருத்தவேண்டும். ஓராண்டில் பலமுறை திரும்பி வரவேண்டும்.

அவர் திருத்தவேண்டியவற்றுள் முதலாவது, பிள்ளையைப் பற்றிய பேச்சின் பாங்கு. "அடங்காதவன்", "வீடு சரியில்லை", "படிப்பு ஏறாது" என்று தொடங்கும் பேச்சு எங்கும் போய்ச் சேராது. திங்கட்கிழமைகளில் வருவதில்லை, வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் மட்டும் சண்டையிடுகிறான், மதியத்துக்குப் பிறகு எழுதுவதில்லை என்று கண்ணால் கண்டதைச் சொல்லப் பழகினால், அந்தச் சொல்லிலேயே காரணத்தின் நுனி அகப்படும். வாய்விட்டுப் படிக்க மறுப்பவனுக்கு எழுத்துகளை இனங்காண்பதில் குறைபாடு இருக்கலாம் என்பதும், மதியத்துக்குப் பின் எழுதாதவனுக்குக் கண் பரிசோதனை வேண்டியிருக்கலாம் என்பதும் அப்போதுதான் எவருக்கேனும் தோன்றும். இரண்டாவது, பள்ளியால் மாற்றக்கூடிய காரணத்தைப் பிடித்துக்கொள்வது. தகப்பனின் குடியை நாளைக்கே நிறுத்தக் குழுவால் ஆகாது. ஆனால் முன் சொன்ன பையன் காலையில் ஏதேனும் சாப்பிட்டு வருகிறானா என்று பார்க்கலாம், முதல் பாடவேளைக் கணக்கை அவனுக்கு மதியத்தில் மீண்டும் சொல்லித்தரலாம், தாயைப் பள்ளிக்கு அழைப்பதற்குப் பதிலாக அவள் வேலை முடிந்து வரும் நேரத்தில் ஒருவர் வீட்டுக்குச் சென்று பேசலாம். செய்யவேண்டியதை யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்பதை அரைப்பக்கத்தில் எழுதி, மூன்று வாரம் கழித்து அதே மேஜையில் அமர்ந்து, பலித்ததா என்று பார்த்து, பலிக்காவிட்டால் மனம் தளராமல் வேறொன்றை முயல்வது மூன்றாவது. நம் பள்ளிகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த மூன்றாவதுதான்.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயமே. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவை தவிர்த்த வேறு பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பலாகாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தடை செய்திருக்க, பள்ளிக்குள்ளேயே பதிவேற்றம் என்ற பெயரில் அவர்கள் மேல் வந்து குவியும் வேலைக்கு அளவில்லை. வாரத்துக்கு ஒரு பாடவேளையை இக்குழுவுக்கென்று ஒதுக்கவேண்டுமானால், அதற்கு ஈடாகப் பதிவேடுகளில் சிலவற்றையேனும் துறை நிறுத்தவேண்டும். ஒன்றையும் குறைக்காமல் இதையும் சுமத்தினால், இதுவும் கையெழுத்துக்காக நடக்கும் கூட்டமாகி, அதற்கும் ஒரு செயலி வந்துவிடும்.

இக்குழுவுக்கு எல்லைகளும் உண்டு. பாலியல் குற்றம் நேர்ந்திருக்கிறதென்று அறிந்தால் அதை ஆராய்வதும் சமரசம் பேசுவதும் குழுவின் வேலையன்று. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உடனே காவல்துறைக்குத் தெரிவிப்பதே கடமை. பள்ளியின் பெயர் கெடும் என்று அதை மூடிமறைக்கும் குழு, குழு இல்லாமையைவிடத் தீயது. பிள்ளையின் குடும்ப ரகசியம் மேஜையை விட்டு வெளியே போகலாகாது என்பதும் பயிற்சியிலேயே ஊறவேண்டிய கட்டுப்பாடு. பின்லாந்து நாட்டில் 2014இல் நடைமுறைக்கு வந்த மாணவர் நலச் சட்டம், ஒரு மாணவனுக்காகக் கூட்டப்படும் குழுவில் யார் யார் அமரலாம் என்பதற்கு அம்மாணவனின் அல்லது பெற்றோரின் சம்மதத்தை வேண்டுகிறது. அந்த நயத்தை நாமும் கைக்கொள்வது நல்லது. சாதி ஊடுருவியிருக்கிற நம் ஊர்களில் அது பிள்ளையின் உயிரைக் காக்கும் எச்சரிக்கையாகவும் அமையக்கூடும்.

இவ்வட்டாரத்துக்கு இத்தகைய காரியத்தில் ஒரு பூர்வீகப் பெருமையுண்டு. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிகளின் தேவைகளை அவ்வவ்வூர் மக்களே பட்டியலிட்டு நிறைவேற்றும் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாட்டை 1958இல் நடத்தியது, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில்தான். கூரையும் கரும்பலகையும் சீருடையும் அன்றைக்குப் பட்டியலில் இருந்தன. இன்றைய பட்டியலுக்கு வேண்டிய துணைகளும் தூரத்தில் இல்லை: முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தோற்றுவித்த சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது, கற்றல் குறைபாட்டைக் கண்டறிய ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள்.

தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் கலந்த பத்துப் பள்ளிகளைத் தேர்ந்துகொண்டு, வருகிற ஜூன் மாதம் பள்ளிகள் திறப்பதற்கு முன் அவற்றின் குழுக்களுக்குப் பூர்வாங்கப் பயிற்சியையும், ஆண்டு முழுவதும் பள்ளிக்கு வந்து அமரும் பயிற்றுநரையும் மாவட்டக் கல்வி நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும். அந்தப் பத்துப் பள்ளிகளில், தலைமையாசிரியர் பணியிடம் காலியாயிருந்து மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் நடத்திவருகிற பள்ளி எதுவேனும் இருந்தால், அந்தக் காலியிடத்தை நிரப்பும் உத்தரவைப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே பிறப்பித்துவிடவேண்டும். கூட்டத்தைக் கூட்டவும், ஒத்துக்கொண்ட காரியத்தை ஏன் செய்யவில்லை என்று மூன்று வாரம் கழித்துக் கேட்கவும் அதிகாரமுள்ள ஒருவர் அந்த மேஜையில் இருந்தாகவேண்டும்.